டிபென்டென்சி: சார்பா, கொழுகொம்பா?

நண்பர்களே, பினாங்கு பட்டர்வொர்த் சனிக்கிழமை வகுப்புக்கான கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. தலைப்பு ‘மிகைச்சார்பு களைதல், இணக்கம் காத்தல்’. மோனேரோ என்ற மின்நாணயத்தை அகழும் (மைனிங்) எக்ஸ்எம்ரிக் நிரலை மாணவர்களே மூலநிரலிலிருந்து பில்ட் செய்யப் போகிறார்கள். அது லிப்யூவி, ஓப்பன்எஸ்எஸ்எல், எச்டபிள்யூலாக் என்ற மூன்று துணை நிரலகங்களையும் கேட்கும். பின்னிரண்டையும் அணைத்துவிட்டும் பில்ட் செய்யலாம். இப்படி ஒரு நிரல் நம்பியிருக்கும் பிற நிரலான ‘டிபென்டென்சி’க்குச் ‘சார்பு’ என்று எழுதியிருந்தேன். தமிழ்நாட்டில் படித்த ஒரு மாணவி, “சார், சார்புன்னா ஃபங்ஷன்தானே?” என்று கேட்டுவிட்டாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் அப்படித்தான். என்ன செய்யலாம்?
— பயிற்றுநர்

தம்பி, கணக்கு இருக்கட்டும், இலக்கணமே இடிக்கிறது. சார்ந்துவரும் எழுத்து மூன்று என்கிறார் தொல்காப்பியர்: குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம். அங்கே சார்வதுதான் சார்பெழுத்து. உங்கள் கதையில் சார்வது எக்ஸ்எம்ரிக், லிப்யூவி தாங்குவது. கொடி வேறு, கொம்பு வேறு. ‘கொழுகொம்பு’ என்று வையுங்கள்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, ‘சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்’ என்ற 359ஆம் குறளை மறந்துவிட்டீர்களே! பரிமேலழகர் உரைப்படி முதல் சார்பு தாங்கும் பொருள், இரண்டாவது பற்று. ஒரே அடியில் இரண்டுக்கும் ஒரே சொல். வள்ளுவருக்குப் போதுமானது நமக்குப் போதாதா?
— சுங்கை டுவா

மலாய் மொழியில் கெபெர்கந்துங்கான். கந்துங் என்றால் தொங்கு. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் தொங்குவதுதான். தமிழ் மட்டும் சாய்ந்து நிற்கிறது. ‘தொங்கல்’ என்றால் நம் பையன்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.
— பாயான் லெப்பாஸ்

வேலை தொங்கலில் கிடக்கிறது என்றும் பிடித்துக்கொள்வார்கள்.
— சுங்கை டுவா

சார்பு, கொம்பு எதுவானாலும் சரி, தலைப்பில் இருக்கும் ‘மிகை’தான் எனக்கு உறுத்துகிறது. பிட்காயின் நிரலின் 0.8 பதிப்பு பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தை விட்டு லெவல்டிபி என்ற வேறொன்றுக்கு மாறியது. 2013 மார்ச்சில் பரிவர்த்தனைகள் அடங்கிய ஒரு பெரிய தொகுதி (பிளாக்) வந்தது. புதிய பதிப்பு ஏற்றது; 0.7 ஏற்கவில்லை. பெர்க்லி டிபி தரவுகளுக்குப் போடும் பூட்டுகளின் (லாக்) எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருந்து, அதுவே யாரும் எழுதாத விதியாக இத்தனை நாள் வேலை செய்திருக்கிறது! தொகுதிச் சங்கிலி (பிளாக்செயின்) இரண்டானது, அகழ்வோரை 0.7க்கே திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. எக்ஸ்எம்ரிக்கிலும் ஓப்பன்எஸ்எஸ்எல்லை எடுத்துவிட்டால் நிரல் ஓடும், ஆனால் டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பைக் கேட்கிற அகழ்வோர் கூட்டுக்குள் நுழையாது. அதை மிகை என்று யார் சொல்வது? ‘மிகைச்சார்பு’ என்று அச்சில் பார்த்தால் மாணவன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவான். சோதித்து முடிக்கும்வரை அது ‘ஐயச்சார்பு’.
— நிபோங் தெபால்

நல்ல சொல். ஆனால் ‘ஐயா சார்பு’ என்று படிப்பார்கள்.
— பாயான் லெப்பாஸ்

மணி பதினொன்றரை. நாலு பேர் சார்பு, ஐயா மட்டும் கொழுகொம்பு. ‘மிகைச்சார்பு களைதல், இணக்கம் காத்தல்’ என்றே தலைப்பை விட்டுவிட்டேன். ‘ஐயச்சார்பு’ பாடத்துக்குள்ளே ஒரு பத்தியில் வருகிறது. முதல் தடவை வரும் இடத்தில் டிபென்டென்சியையும் போட்டிருக்கிறேன், திட்டாதீர்கள்.
— பயிற்றுநர்

என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ‘அகழ்வு’ எதற்கு? என் தகப்பனார் கம்பாரில் ஈயலம்பத்துக்குத்தான் (ஈயச் சுரங்கம்) வேலைக்குப் போனார். ஒரு நாளும் அகழ்வுக்குப் போகிறேன் என்று சொன்னதில்லை.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்