அன்னபூர்ணா பேஸ் கேம்ப்: 5 நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள், 51 வயதுக்காரனுக்கு இது சரிப்படுமா?

தென்னூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் இந்த அக்டோபர் கடைசியில் நேபாளம் போய் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் (சிகரத்தின் அடிவார முகாம்) வரை நடக்கலாம் என்று இருக்கிறோம். எனக்கு 51, அவளுக்கு 46. சர்க்கரை, பிபி எதுவும் இல்லை. இதற்கு முன் நடந்தது என்றால் வெள்ளியங்கிரி இரண்டு தடவை, பர்வதமலை ஒரு தடவை. எல்லாம் ஏறினோம், இறங்கினோம், வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தோம் என்கிற கணக்குதான். மறுநாள் எழுந்து மறுபடி நடப்பது, அதற்கு மறுநாளும் நடப்பது, இதெல்லாம் பழக்கமே இல்லை.

ஒரு ஏற்பாட்டாளர், போக்கராவில் கிளம்பி போக்கராவுக்கே திரும்ப 5 நாள் போதும் என்று ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார். எனக்கு மொத்த லீவு 10 நாள், திருச்சியிலிருந்து போய் வருவது உட்பட. 5 நாள் சரியா? திருச்சி மாதிரி தட்டையான ஊரில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது? மலைக்கோட்டையைத் தவிர இங்கே ஏற எதுவும் கிடையாது.

ஈர_சாக்ஸ்:

5 நாளில் முடிகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் மலைக்கோட்டைக் கணக்கிலேயே சொல்கிறேன். அந்தப் பாறை 83 மீட்டர். போக்கராவிலிருந்து வரும் ஜீப் இறக்கிவிட்டதும் நீண்ட தொங்குபாலத்தைத் தாண்டி வரும் ஜின்னு கிராமம் சுமார் 1780 மீட்டர், பேஸ் கேம்ப் 4130. நேர்க்கணக்குப் போட்டாலே 28 மலைக்கோட்டை. ஆனால் அந்தப் பாதை நேராக ஏறவே ஏறாது, அதுதான் வயிற்றெரிச்சல். சோம்ரோங் ஊர் 2170 மீட்டரில் இருக்கிறது. மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தால், மறுநாள் காலை முதல் வேலையாக கல் படிகளில் சுமார் 300 மீட்டர் ஆற்றுக்கு இறங்க வேண்டும், பாலத்தைத் தாண்டி, இறங்கியதை விட அதிகமாக சினுவா கிராமத்துக்கு ஏற வேண்டும். திரும்பி வரும்போது, அதாவது கால் இரண்டும் துவண்ட பிறகு, அதே படிகள் ஏற்றமாக எதிரே நிற்கும். நான் படிகளை எண்ண ஆரம்பித்து, நானூற்றுச் சொச்சத்தில் ஒரு கழுதைக் கூட்டம் வந்ததில் கணக்கை விட்டுவிட்டேன். (கழுதை, கோவேறு கழுதை எது வந்தாலும் மலைச் சுவர்ப் பக்கமே ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் அதன் மூட்டை இடித்தே தள்ளிவிடும்.)

நான் முதல் முறை போனது இப்படி ஒரு அவசரத் திட்டத்தில்தான். கூட வந்தவர் என் மச்சான், 44 வயது, தினமும் ஷட்டில் ஆடுகிற ஆள். மூன்றாம் நாள் ஹிமாலயா என்கிற இடத்திலிருந்து (2920 மீ) ஒரே மூச்சில் பேஸ் கேம்ப். சாயங்காலம் சோறு வேண்டாம் என்றார், களைப்பு என்று நினைத்தோம். இரவு எட்டு மணிக்கு வாந்தி, தலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி இருட்டில் டார்ச் அடித்து அவரைக் கீழே மச்சபுச்ரே பேஸ் கேம்புக்கு (3700) அழைத்துப் போனார். இறங்கியதும் தெளிந்துவிட்டார். ஆனால் எதைப் பார்க்க அவ்வளவு தூரம் போனாரோ அந்த விடியலை அவர் பார்க்கவில்லை, இன்றுவரை குடும்ப விசேஷங்களில் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

என் யோசனை 8 நாள். முதல் நாள் ஜீப்பில் வந்து சோம்ரோங். இரண்டாம் நாள் தோவன் (2600). மூன்றாம் நாள் தேவராலி (3230). நான்காம் நாள் மச்சபுச்ரே பேஸ் கேம்ப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், மதியத்துக்குள் சேர்ந்துவிடுவீர்கள், ‘இன்னும் இரண்டு மணி நேரம்தானே’ என்று கால் அரிக்கும், போகாதீர்கள். ஐந்தாம் நாள் மெதுவாக அன்னபூர்ணா பேஸ் கேம்ப், இரவு அங்கேயே. இறங்குவதற்கு மூன்று நாள், அதில் கடைசி இரவு ஜின்னுவில், அங்கே ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது.

10 நாள் லீவுதான், ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்றால் பேஸ் கேம்பை மறந்துவிட்டு பூன் ஹில் (3210 மீ) போய் காந்துருக் வழியாக இறங்குங்கள். நாலைந்து நாளில் நிதானமாக முடியும், தவுலகிரி, அன்னபூர்ணா சவுத் சிகரங்கள் கண்ணெதிரே நிற்கும். குறைச்சலான நடை ஒன்றும் இல்லை அது.

வேகவண்டி:

ரொம்பப் பயமுறுத்துறீங்க பாஸ். நான் போன வருஷம் 5 நாளில் போய்ட்டு வந்தேன், ஒண்ணும் ஆகல. வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறினவருக்கு இது தாராளமா முடியும்.

ஈர_சாக்ஸ்:

தம்பி, உங்களுக்கு ஆகவில்லை, சந்தோஷம். உயரத்தில் வருகிற தலைவலிக்கு உடற்பயிற்சி, இளமை எதுவும் தெரியாது, என் மச்சான் எங்கள் கூட்டத்திலேயே வேகமானவர். 3000 மீட்டரைத் தாண்டினால் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற பொது விதி. 2920-லிருந்து 4130 என்றால் 1210 மீட்டர். நான் சொன்ன 8 நாள் திட்டத்தில்கூட அது அச்சுப் பிசகாமல் வராது, ஆனால் பக்கத்தில் வரும். வெள்ளியங்கிரி உச்சி 2000 மீட்டர் கூடக் கிடையாது. அது காலுக்குப் பரீட்சை, காற்றுக்கு இல்லை.

அதோடு, 5 நாளில் போகிறவர்கள் பெரும்பாலும் மேலே சேர்வது பிற்பகலில். அந்தப் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் மேகம் ஏறி வந்து மூடிக்கொள்வது வாடிக்கை. நீங்கள் என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்?

வேகவண்டி:

போர்டு பார்த்தேன் 😄 சரி சரி, ஒத்துக்கிறேன். காலைல அரை மணி நேரம் தெரிஞ்சது, உடனே இறங்க ஆரம்பிச்சிட்டோம்.

நடைராணி:

தென்னூர் அண்ணா, இதை அண்ணியிடம் அப்படியே காட்டுங்கள், அவருக்காகவும்தான் எழுதுகிறேன்.

பயிற்சி: எங்கள் அடுக்குமாடியில் எட்டு மாடி. முதல் வாரம் வெறுங்கையோடு, அப்புறம் முதுகுப்பையில் 5 கிலோ பொன்னி அரிசியைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கினேன். வாட்ச்மேன் அண்ணா மூன்று நாள் பார்த்துவிட்டு, லிஃப்ட் ரிப்பேர் இல்லையேம்மா என்றார். இறங்கும்போதும் படியிலேயே இறங்குங்கள், அதுதான் முக்கியம், எல்லோரும் ஏறுவதற்கு மட்டும் பழகிவிட்டு இறங்கும்போது முட்டியைத் தொலைக்கிறார்கள். நீங்கள் மலைக்கோட்டையிலேயே தினம் மூன்று முறை செய்யலாம், பிள்ளையாருக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். சனி ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நாலைந்து மணி நேரம் நடந்து பாருங்கள். வலிக்கிற காலோடு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புவது எப்படி இருக்கும் என்பதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

கையில் இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் போகாதீர்கள். கிழவி மாதிரி இருக்குமே என்று நான் முதலில் வெட்கப்பட்டேன், சோம்ரோங் படியில் வெட்கம் போய்விட்டது.

பெண்களுக்கு: மேலே போகப்போக கழிப்பறைகள் அறைக்கு வெளியே, பொதுவில். இரவில் செருப்பு, டார்ச், கனமான ஜாக்கெட் மூன்றையும் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். மாதவிலக்கு தேதிக்கு இன்னும் நாள் இருந்தாலும் நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள், உயரத்திலும் அலைச்சலிலும் எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. பயன்படுத்தியதைப் போட அங்கே இடம் இருக்காது, ஒரு ஜிப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும்.

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. சினுவாவுக்கு மேலே லாட்ஜ்களில் இறைச்சி கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கு அங்குள்ள குருங் மக்களுக்குத் தெய்வம் இருக்கும் இடம், கறி கொண்டு போனால் மலை கோபித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. பையில் சிக்கன் ஊறுகாய், கருவாடு என்று எதுவும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நமக்கென்ன, தால் பாத் இருக்கிறது, சோறும் பருப்பும் கீரையும் போதும் போதும் என்கிறவரை மறுபடி மறுபடி போடுவார்கள். நான் சின்ன டப்பாவில் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டு போயிருந்தேன். தேவராலியில் சமையற்கட்டு அக்கா அந்தப் பொடியை விரலில் தொட்டு வாயில் வைத்துவிட்டு, மீதியைத் தந்துவிட்டுப் போ என்று சைகையிலேயே வாங்கிக்கொண்டார். ஒரு பாக்கெட் கடலை மிட்டாயும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

தென்னூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அவளும் படித்தாள். படித்துவிட்டு, “உங்க ஏற்பாட்டாளரை அவர் அம்மாவைக் கூட்டிக்கிட்டு அஞ்சு நாள்ல போயிட்டு வரச் சொல்லுங்க” என்றாள்.

இன்னும் சில சந்தேகம். விமானத்துக்கு ஆதார் போதுமா? பணம் எப்படி? அப்புறம் சுமை தூக்க ஆள் வைத்துக்கொள்வது... நம் பையை இன்னொருவர் முதுகில் ஏற்றிவிட்டு நாம் கைவீசி நடப்பது மனசுக்கு ஒப்பவில்லை. உயரத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே?

பழைய_பூட்ஸ்:

ஆதார் செல்லாது. நேபாளத்துக்கு விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. நம் ஆட்கள் நிறையப் பேர் டெல்லி கவுண்டரில் போய் நின்ற பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்திய 1 ரூபாய் அங்கே 1.60, வெகுகாலமாக மாறாத விகிதம். போக்கராவிலேயே நேபாள ரூபாயாக மாற்றி, மேலே ஆகும் மொத்தச் செலவுக்கும் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், பாதையில் ஏடிஎம் எதையும் நம்பாதீர்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு நமக்கு, அதாவது சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு, 1000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3000. கட்டணம் அப்போதைக்கு மாறலாம், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் நடக்கக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஆள் வேண்டும். மேலே போகப்போக எல்லாவற்றுக்கும் விலை ஏறும், போன் சார்ஜ் போட, வெந்நீரில் குளிக்க, குடிக்கிற தண்ணீருக்குக்கூட. எல்லாம் மனிதர் முதுகில் ஏறி வருகிறது, பேரம் பேசாதீர்கள். தங்கும் லாட்ஜிலேயே சாப்பிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம், அறை வாடகை குறைவாக இருப்பதே அதனால்தான்.

போர்ட்டர் விஷயம். நானும் உங்களைப் போலவே நினைத்து முதல் தடவை 13 கிலோவை நானே தூக்கினேன். என் மனசு ஒப்பியதில் அங்கே ஒருவருக்கு எட்டு நாள் கூலி போயிற்று, எனக்குத் தோள் போயிற்று. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு பேர் மூட்டையும் சேர்த்து 20 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். அவருக்கு நல்ல ஷூவும் குளிர் ஜாக்கெட்டும் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கிளம்புமுன் கேளுங்கள். நான் போன ஒரு கூட்டத்தில் போர்ட்டர் பையன் ரப்பர் செருப்போடு வந்தான், ஏற்பாடு செய்தவர்களைக் கேட்டால் அவர்களுக்குப் பழக்கம் சார் என்றார்கள்.

மாத்திரை அசிட்டசோலமைடு, டயமாக்ஸ் என்று கிடைக்கும். சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் ஆபத்து, டாக்டரைப் பார்க்காமல் போடாதீர்கள். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை போட்டுவிட்டோம் என்று வேகமாக ஏறக்கூடாது. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறாதீர்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரி ஆனாலும் இறக்கிவிட வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது 4000 மீட்டருக்கு மேல் நடப்பதும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் உண்டா என்று எழுத்தில் பாருங்கள்.

தேவராலியை ஒட்டிய பாதை பனிச்சரிவு விழும் இடம். 2020 ஜனவரியில் அந்தப் பகுதியில்தான் நான்கு கொரியர்களும் மூன்று நேபாளிகளும் சிக்கி இறந்தார்கள். அக்டோபர் கடைசியில் அவ்வளவு பனி இருக்காது, இருந்தாலும் காலையிலேயே கடந்துவிடுங்கள், அங்கே நின்று படம் எடுக்க வேண்டாம்.

வேகம் எவ்வளவு என்று கேட்டால், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். உங்கள் வழிகாட்டி ‘பிஸ்தாரை, பிஸ்தாரை’ என்று சொல்லிக்கொண்டே வருவார், மெல்ல, மெல்ல என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் உடம்பு முனகும், மூன்றாம் நாளிலிருந்து கால் தானாக நடக்கும், மனசு வேறெங்கோ போயிருக்கும். இரண்டு மணிக்கு லாட்ஜில் சேர்ந்து, ஈர சாக்ஸைக் காயப்போட்டுவிட்டு, இஞ்சி டீயோடு மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதற்காகத்தான் நான் மறுபடி போகிறேன். சிகரம் கூட இரண்டாம்பட்சம்.

தென்னூர்க்காரன்:

முடிவாகிவிட்டது. தீபாவளி லீவையும் சேர்த்து 13 நாள் வாங்கிவிட்டேன், தேதி கொஞ்சம் தள்ளிப்போகிறது. 8 நாள் நடை, ஒரு நாள் கையிருப்பு. தீபாவளிக்கு வீட்டில் இருக்கமாட்டோம் என்று அம்மாவுக்குத்தான் வருத்தம்.

இன்று காலை மலைக்கோட்டை ஒரு தடவை, 5 கிலோ அரிசியோடு. இறங்கும்போது தொடை நடுங்கியது. வாசலில் பூக்காரம்மா, அரிசியைக் கோயிலுக்குக் கொடுக்கவா கொண்டுபோனீங்க என்று கேட்டார்.

பழைய_பூட்ஸ்:

அங்கே அது திஹார் சமயம், அவர்கள் தீபாவளி. ஒரு நாள் ஊரில் இருக்கிற நாய்களுக்கெல்லாம் மாலை போட்டுப் பொட்டு வைத்து விருந்து வைப்பார்கள். போக்கராவில் அந்த நாளில் இருக்கிற மாதிரி தேதி அமைந்தால் விடாதீர்கள், அம்மாவுக்குப் படம் அனுப்புங்கள். நவம்பர் என்பதால் தூக்கப்பை கொஞ்சம் கனமானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைராணி:

ஷூ புதிதாக வாங்கினால் இன்றே வாங்கி, மலைக்கோட்டைக்கும் கடைவீதிக்கும் அதைப் போட்டுக்கொண்டே போங்கள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இரண்டு பேரும் கால் நகத்தை நன்றாக வெட்டிவிடுங்கள். நான் மறந்துபோய், இறங்குகிற படிகளில் பெருவிரல் ஷூ முனையில் இடித்து இடித்தே இரண்டு நகமும் கறுத்துவிட்டது. பொங்கல் வரைக்கும் மருதாணி போட்டுத்தான் மறைத்தேன்.