வேலை முடிந்தது, விமானம் நான்கு நாள் கழித்து: ஐரோப்பாவில் கோடைப் பயணத்தை நீட்டித்த அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

2019 ஜூனில் பார்சிலோனாவில் ஜவுளி இயந்திரங்களுக்கான இட்மா கண்காட்சி. நூற்பு இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது, அதனால் போயே ஆக வேண்டிய இடம். ஏழு நாள் இருந்தேன். திரும்பி வந்ததும் என் மகள், "அப்பா, பார்சிலோனா எப்படி இருந்தது?" என்று கேட்டாள். கண்காட்சி அரங்கு, ஹோட்டல் அறை, விமான நிலையம். இந்த மூன்றைத் தவிர அவளிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அது ரொம்ப நாள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த இட்மா 2023 ஜூன் 8 முதல் 14 வரை மிலானில் நடந்தது. இந்த முறை டிக்கெட் எடுக்கும்போதே திரும்பும் தேதியை 19 என்று போட்டுவிட்டேன். நண்பர்கள் ஆளுக்கொரு திட்டம் சொன்னார்கள். வெனிஸ் ஒரு நாள், ஃபிளாரன்ஸ் ஒரு நாள், ரோம் ஒரு நாள் என்று. ஏழு நாள் ஸ்டாலில் நின்று கால் வீங்கிப் போயிருந்தது. மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்குத் தெம்பில்லை. ஒரே ஊர், நான்கு நாள் என்று முடிவு செய்து பெர்காமோ போனேன். மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கண்காட்சி நாட்களில் மிலானைச் சுற்றி அறை வாடகை எகிறிக் கிடக்கும். முடிந்த மறுநாளே இறங்கிவிடும். அதனால் கைக்காசில் தங்குவது நான் பயந்த அளவுக்குச் சுமையாக இல்லை.

பெர்காமோவில் இரண்டு ஊர் இருக்கிறது. கீழே ரயிலும் கடைகளும் உள்ள புது ஊர், மேலே மலை மீது பழைய ஊர். இரண்டையும் இணைக்க 1887லிருந்து ஒரு இழுவை ரயில் ஓடுகிறது, நம் பழனி வின்ச் மாதிரி. மேல் ஊரைச் சுற்றி வெனிஸ் ஆட்சியில் கட்டிய கோட்டை மதில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. சாயங்காலம் ஊர் சனம் முழுக்க அந்த மதில் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஜூனில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் இறங்கும். பத்து மணிக்குப் பழைய சதுக்கத்தில் உள்ள பெரிய மணி நூறு முறை அடிக்கும். ஒரு காலத்தில் கோட்டைக் கதவைச் சாத்தப்போகிறோம் என்று சொல்ல அடித்தது. இன்றும் தினமும் அடிக்கிறார்கள். முதல் நாள் எண்ணப் பார்த்து நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் எண்ணவே தோன்றவில்லை, சும்மா கேட்டுக்கொண்டு இருந்தேன்.

நான் சொல்ல வந்தது கிரெஸ்பி டி ஆடா பற்றி. பெர்காமோ பக்கத்தில் ஆடா ஆற்றங்கரையில் உள்ள மில் கிராமம். ஒரு பருத்தி ஆலை முதலாளி 1870களில் ஆலையைக் கட்டி, தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாக வீடு, பள்ளி, கோயில், குளியல் கூடம், கடைசியில் இடுகாடு வரைக்கும் கட்டிக் கொடுத்த இடம். 1995இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆலை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பிறந்தது மில் குவார்ட்டர்ஸில். என் தாத்தாவும் அப்பாவும் ஆலைச் சங்குக்கு எழுந்தவர்கள். அந்தத் தெருவில் போய் நின்றதும் எனக்கு வெளிநாடு என்ற எண்ணமே போய்விட்டது. வீட்டுக்கு முன்னால் தோட்டம், பின்னால் காய்கறிப் பாத்தி, தெருக்கோடியில் புகைபோக்கி.

ஒரு வேலிக்கு அந்தப்பக்கம் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இத்தாலி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போனில் எங்கள் யூனிட்டில் செய்யும் ஸ்பிண்டில் (நூலை முறுக்கும் கதிர்) படத்தைக் காட்டினேன். உடனே கையைத் துடைத்துக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உருட்டிக் காட்டினார். நூல் முறுக்கு! அறுந்த நூலை இணைக்க எங்கள் அப்பா செய்வாரே, அதே அசைவு. நானும் அதையே செய்து காட்டினேன். பத்து நிமிடம் இருந்திருப்போம். மொழிபெயர்ப்புச் செயலியில் அவர் இந்த ஆலையில்தான் வேலை பார்த்தார் என்று புரிந்தது. கிளம்பும்போது ஒரு கொத்துத் துளசி மாதிரி இலை, பாஸ்தாவில் போடும் பேசில், பறித்துக் கையில் கொடுத்தார். முந்தின ஏழு நாளில் இருநூறு விசிட்டிங் கார்டு வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு முகம்கூட நினைவில் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். நான் குத்தாமல் ஏறி அபராதம் கட்டினேன்.

உங்களில் யார் யார் இப்படி நாள் நீட்டித்துத் தங்கியிருக்கிறீர்கள்? எங்கே, யாரைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.


சென்னை, போரூரிலிருந்து:

அண்ணா, படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. என் கதை வேறு மாதிரி. யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மியூனிக்கில் எட்டு நாள் வேலை. விசா ஸ்டிக்கரில் செல்லுபடியாகும் தேதி மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, சால்ஸ்பர்க்கில் ஐந்து நாள் அறை போட்டுவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின இரவு பெட்டி கட்டும்போதுதான் ஸ்டிக்கரில் இன்னொரு கட்டம் கண்ணில் பட்டது. தங்கும் நாட்கள்: 10. அந்தத் தேதிகளுக்கு நடுவில் மொத்தம் பத்து நாள்தான் உள்ளே இருக்கலாம், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். நிறைய பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். சால்ஸ்பர்க் அறையை ரத்து செய்து, விமானத்துக்கு வித்தியாசம் கட்டி, ஊர் வந்து சேர்ந்தேன்.

அடுத்த முறை ஒழுங்காகச் செய்தேன். விசா விண்ணப்பத்திலேயே வேலை நாள் இத்தனை, விடுப்பு நாள் இத்தனை என்று பிரித்து எழுதி, நிறுவனத்தின் கடிதத்திலும் விடுப்பு அனுமதியைச் சேர்க்கச் சொன்னேன். இரண்டு பகுதிக்கும் தங்குமிட முன்பதிவு வைத்தேன். மருத்துவக் காப்பீடு முக்கியம். ஷெங்கனுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ காப்பு வேண்டும், அது தங்கும் நாள் முழுக்க இருக்க வேண்டும். நிறுவனம் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் வேலை நாளோடு முடிந்துவிடும். மீதி நாளுக்கு நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2025 அக்டோபர் 12லிருந்து எல்லையில் முகப்படம் எடுத்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணினியில் பதிய ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் அது தானாகத் தெரிந்துவிடும்.


சென்னை, அண்ணா நகரிலிருந்து:

நான் 2018 ஜூனில் வியன்னாவில் இரண்டு வாரம் இருந்தேன். ஒரு வங்கியின் மென்பொருளைப் புதுத் தளத்துக்கு மாற்றும் வேலை. அதன் பிறகு மூன்று நாள் விடுப்பு. முதல் தடவை தனியாக வெளிநாட்டில் ஊர் சுற்றினேன். அம்மா தினமும் போன் செய்து "இருட்டுறதுக்குள்ள ரூமுக்குப் போயிடு" என்பார். ஒன்பது மணி வரை இருட்டவே இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. வீடியோ காலில் வானத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

மூன்று நாளும் காலையில் ஒரே காபிக் கடைக்குப் போனேன். ஒரு காபி சொன்னால் வெள்ளித் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரும் சேர்ந்து வரும். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று யாரும் முகம் காட்டுவதில்லை. அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது, 1873லிருந்து. எங்கள் அபார்ட்மெண்டில் லாரித் தண்ணீருக்கு முறை போட்டுக் காத்திருக்கும் எனக்கு அதைக் குடிக்கும்போதெல்லாம் ஒரு ஏக்கம் வரும்.

கடைசி நாள் அரசு ஓபரா (இசை நாடக) அரங்கில் நின்று பார்க்கும் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றேன். நல்ல இருக்கை விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லாத காசு. எனக்கு முன்னால் வெள்ளை முடி பாட்டி ஒருவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக வருகிறாராம். எனக்குத் தமிழில் பாட்டு தெரியுமா என்று கேட்டார். கர்நாடக சங்கீதம் எட்டு வருடம் கற்றுக்கொண்டேன் என்றதும், "அப்படியானால் நீ நின்றே கேட்பாய், கால் வலிக்காது" என்றார். உள்ளே போனதும் இடம் பிடிக்க எல்லோரும் கைப்பிடிக் கம்பியில் தங்கள் ஸ்கார்ஃபைக் கட்டினார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. பாட்டி என் துப்பட்டாவைக் காட்டிச் சைகை செய்தார். அம்மா எடுத்துக் கொடுத்த சுங்குடி துப்பட்டா அது. அதைக் கம்பியில் கட்டினோம். முடிச்சு அவர்தான் போட்டார்.

மூன்று மணி நேரம். கால் வலித்தது, ஆனால் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஜூன் முடிந்தால் அரங்கம் இரண்டு மாதம் மூடிவிடும் என்பதைக் கோடையில் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.


நாகப்பட்டினத்துக்காரர், இப்போது பெங்களூர்:

2019 ஜூலை, நெதர்லாந்தில் ஐந்தோவன். ஜூலை 25 அன்று அந்த நாட்டு வரலாற்றில் முதல் முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. எனக்கென்ன, நாகப்பட்டினத்தில் பார்க்காத வெயிலா என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்குள்ள கட்டடங்கள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டியவை. அறையில் ஏசி இல்லை, மின்விசிறி இல்லை. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். கோடையில் போகிறவர்கள் அறை போடும்போது ஏசி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து இரண்டு நாள் லைடன் போனேன். எதற்கு என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்த செய்தி உள்ள செப்பேடு, லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. மொத்தம் 21 ஏடுகள், சோழ முத்திரை போட்ட வளையத்தில் கோத்தவை. பள்ளியில் வரலாற்று ஆசிரியர் சொல்லி எட்டாம் வகுப்பிலிருந்து எனக்கு அது தெரியும்.

முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்காமல் போய்விட்டேன். அதனால் பார்க்க முடியவில்லை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நான் நாகப்பட்டினம் என்று சொன்னேன். அவர் என் பாஸ்போர்ட்டை வாங்கி, பிறந்த இடம் என்ற வரியைப் படித்தார். எழுந்து வந்து, "நீங்கள் அந்த ஊரா?" என்று கேட்டுக் கை கொடுத்தார். வெளியே வந்து ராப்பன்பர்க் கால்வாய்க் கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கொடையைச் சுமந்துகொண்டு ஒரு கப்பல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று நினைக்க நினைக்கத் தொண்டை அடைத்தது. கோபமா, பெருமையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.


திருச்சியிலிருந்து:

பாரிஸில் ஒரு வாரம் வேலை, ஆகஸ்ட் கடைசி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுதலாகத் தங்கினேன். ஈஃபிள் கோபுரம் போகலாம் என்று கிளம்பியவன், கார் து நோர் நிலையம் பக்கம் நாதஸ்வரச் சத்தம் கேட்டு நின்றுவிட்டேன். லா ஷப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் கோயில் தேர். தெரு நெடுகத் தேங்காயை மலையாகக் குவித்து உடைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மாடத்தில் நின்று பார்க்கிறார்கள்.

வேட்டி கட்டிய ஐயா ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, எங்கை இருந்து வாறியள்?" என்றார். திருச்சி என்றதும், "அப்ப உச்சிப் பிள்ளையாரின்ரை ஊர்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னை அறிமுகம் செய்தார். 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராம். "இண்டைக்கு எங்களோடை சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்" என்று கையைப் பிடித்து அன்னதானப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்குத் திரும்பப் போனீர்களா என்று கேட்டேன். ஒரு முறை போனாராம், வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்ததாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஈஃபிள் கோபுரத்தை இன்றுவரை பார்க்கவில்லை.


கோயம்புத்தூரிலிருந்து, மறுபடியும்:

எல்லோரும் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாகப்பட்டினத்து நண்பர் எழுதியதை என் மனைவி இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

போரூர் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் விமானத் தேதியை மாற்றினால் கட்டணம் கூடுகிறதா என்று இரண்டு தேதிக்கும் விலை பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் நாமே கொடுத்துவிடலாம். பின்னால் பில் சரிபார்க்கும்போது கேள்வி வராது.

அடுத்த இட்மா 2027 செப்டம்பரில், ஜெர்மனியில் ஹானோவர். இந்த முறை மனைவியும் மகளும் கண்காட்சி முடியும் நாள் வந்து சேர்ந்துகொள்வதாகத் திட்டம். அந்தப் பக்கம் ஒரே ஊரில் நான்கு நாள் இருப்பதென்றால் எங்கே இருக்கலாம்? மகளுக்கு இப்போது பதினாறு வயது, வரைவாள்.


சேலத்திலிருந்து:

ஹில்டெஸ்ஹைம் பாருங்கள், அண்ணா. ஹானோவரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். பேராலயத்தின் பின் சுவரில் ஒரு ரோஜாக் கொடி ஏறியிருக்கிறது, ஆயிரம் வயது என்று சொல்கிறார்கள். 1945 குண்டுவீச்சில் ஆலயத்தோடு சேர்ந்து எரிந்தது, சில வாரத்தில் வேரிலிருந்து மறுபடியும் துளிர்த்தது. பூப்பது மே கடைசி, ஜூன். செப்டம்பரில் பூ இருக்காது. கொடி இருக்கும், மகள் வரையலாம்.