கடைத்தெருவைக் கொல்வது கைப்பேசியா, வாடகையா? வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

தேரடித் தெரு எழுதியது:

வடசென்னை எம்.சி. ரோட்டில் ஆயத்த ஆடைக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், பொங்கல் வியாபாரம் முடிந்ததும் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிடப் போகிறார். காரணம் கேட்டால் ஒரே சொல்தான் வருகிறது: ஆன்லைன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. அதே சமயத்தில் விம்கோ நகர் வரை மெட்ரோ கொண்டுபோகிறோம் என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தோண்டிப் போட்டார்கள். அந்தத் தடத்தில் ரயில் ஓடியது 2021 பிப்ரவரியில்தான். நடுவில் கொரோனா. அந்த ஓர் ஆண்டைத் தவிர வாடகை ஏறாத ஆண்டே இல்லை, அட்வான்ஸ் தனி. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவரைக் கைப்பேசி கடைசியாக வந்து தள்ளிவிட்டது, அவ்வளவுதான். பழி முழுவதும் அதன் மேல் ஏன்?

மளிகை அண்ணாச்சி எழுதியது:

தம்பி, துணிக்கடைக் கணக்கு வேறு, மளிகைக் கணக்கு வேறு. தண்டையார்பேட்டையில் என் கடை சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது. வாடகையும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. அப்படியிருந்தும் என் வியாபாரம் ஏன் படுத்தது?

வாராவாரம் விநியோகஸ்தரின் ஆள் வருகிறார். சோப்புத் தூளில் எனக்கு நிற்பது நூற்றுக்கு எட்டு ரூபாய், மிஞ்சிப்போனால் பத்து. அதே பொட்டலத்தை, அதே எடையில், நான் வாங்கும் விலைக்கும் கீழே செயலியில் விற்கிறார்கள். நான் கொள்ளை லாபம் வைத்து விற்றுத் தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என் கொள்முதல் விலைக்கும் கீழே விற்பவனோடு எதை வைத்துப் போட்டி போடுவது? எங்கள் பக்கத்தில் சில கடைக்காரர்கள் தள்ளுபடி நாளில் செயலியிலேயே வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள். ஓர் ஆளுக்கு இத்தனை பொட்டலம்தான் என்று கட்டுப்பாடு இருப்பதால் மனைவி, மகன், மச்சான் என்று வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசியிலும் ஆர்டர் போடுகிறார்கள். வாடகை என்று பேசுபவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

யானைக்கவுனி எழுதியது:

வியாபாரம் இடம் மாறுவது இந்த ஊருக்குப் புதிதா? மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் அமைந்த பர்மா பஜாரில் வெளிநாட்டுப் பொருளுக்குக் கூட்டம் அலைமோதியது. 1991-க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்ததும் அந்த மவுசு போயிற்று. அவர்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? சரக்கை மாற்றினார்கள், பிழைத்தார்கள்.

மளிகை அண்ணாச்சி எழுதியது:

சரக்கை மாற்றலாம் ஐயா. அரிசிக்கும் பருப்புக்கும் பதிலாக எதை மாற்றுவது?

ஊசி நூல் எழுதியது:

வாங்குகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். நான் வியாசர்பாடி. பத்து வருடத்துக்கு முன்பு வரை எல்லாத் துணியும் எம்.சி. ரோட்டில்தான். இப்போது பாதிக்கு மேல் கைப்பேசியில் வாங்குகிறேன், விலைக்காக மட்டுமல்ல. உள்ளாடை வாங்கப் போனால் மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு ஆண்கள் நிற்பார்கள். அளவைச் சத்தமாகக் கேட்பார்கள். ஒருவர் மேலே பார்த்து அந்த எண்ணைக் கூவுவார், பரணிலிருந்து பெட்டி பறந்து வரும். என் மகளுக்கு முதன்முதலாக வாங்கப் போனபோது அவள் முகம் போன போக்கை எந்த வணிகர் சங்கமும் பார்க்கவில்லை.

போட்டுப் பார்க்க அறை கிடையாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று கல்லாவுக்கு மேலே பலகை. நான்கு துணியைப் பிரிக்கச் சொன்னால் முகம் சுளிப்பு. தீபாவளி நேரத்தில் அந்தத் தெருவில் ஒரு பெண் கழிப்பறைக்கு எங்கே போவாள் என்று எந்தக் கடைக்காரராவது யோசித்தது உண்டா? தேரடித் தெரு சார், உங்கள் மைத்துனர் வாடகையையும் ஆன்லைனையும் சொல்வார், இதைச் சொல்ல மாட்டார்.

தேரடித் தெரு எழுதியது:

அவர் கடையில் விற்பனைக்குப் பெண்கள்தான் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மற்றதற்குப் பதில் இல்லை.

ஆனால் ஒன்று. பிரிட்டனில் வூல்வொர்த்ஸ் 800 கடைகளுக்கு மேல் வைத்திருந்த நிறுவனம், 2009 ஜனவரியோடு முழுவதும் மூடிவிட்டார்கள். டெபன்ஹாம்ஸ் என்று 1778-ல் தொடங்கிய கடை 2021-ல் பூட்டப்பட்டு, பெயரை மட்டும் ஓர் ஆன்லைன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அங்கே போட்டுப் பார்க்க அறையும் இருந்தது, கழிப்பறையும் இருந்தது, வாங்கியதைத் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் போய்விட்டன. அங்கேயும் மலைபோல் கடனும் உள்ளூர் வரியும்தான் முதலில் கழுத்தை நெரித்தன என்பார்கள்.

நைட்டிக்காரன் எழுதியது:

இரண்டு பக்கமும் விற்கிறவன் என்பதால் பேசுகிறேன். கொருக்குப்பேட்டையில் ஆறு தையல் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறோம். துணி கோடவுன் தெருவில் மொத்தமாக எடுப்பது. பாதிச் சரக்கு எம்.சி. ரோட்டு நடைபாதைக் கடைகளுக்கு, பாதி ஒரு பெரிய ஆன்லைன் தளத்துக்கு.

ஆன்லைன் என்றால் வாடகை இல்லை என்று யார் சொன்னது? விற்றால் கமிஷன். முதல் பக்கத்தில் நம் நைட்டி தெரிய வேண்டுமென்றால் விளம்பரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அதற்கு மேல் ரிட்டர்ன். ஆடி மாதம் கோயில் கூழ் முடிந்ததும் மஞ்சள் கறையோடு திரும்பி வரும். ஒருமுறை என் பையில் வேறு யாருடைய பழைய புடவையோ வந்தது. புகார் கொடுத்தேன், "வாடிக்கையாளருக்குச் சாதகமாக முடிக்கப்பட்டது" என்று இயந்திரம் பதில் போட்டது. ஊசி நூல் அக்கா, நீங்கள் சொன்ன "திரும்பப் பெறப்படும்" வசதிக்குப் பணம் கட்டுவது அந்த நிறுவனம் அல்ல, என்னைப் போன்றவர்கள்தான்.

நடைபாதைக்காரர் சாயங்காலம் கையில் பணம் தருகிறார். மழை பெய்தால் தருவதில்லை. எனக்கு இரண்டுமே வேண்டும்.

வரிக்கணக்கன் எழுதியது:

சட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடுங்கள்.

வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைகள் சொந்தமாகச் சரக்கு வைத்து விற்கக் கூடாது, விலையில் தலையிடக் கூடாது. 2016-லேயே வந்த விதி அது. 2019 பிப்ரவரி 1 முதல் அதை இன்னும் இறுக்கினார்கள். சந்தை நிறுவனமோ அதன் குழும நிறுவனங்களோ ஒரு விற்பனையாளரின் கொள்முதலில் 25 சதவீதத்துக்கு மேல் கொடுத்தால், அந்தச் சரக்கு சந்தையின் சரக்காகவே கருதப்படும். அண்ணாச்சி சொல்லும் "கொள்முதலுக்கும் கீழே" என்ற விலை எப்படி வருகிறது என்று விசாரிக்க விதி இருக்கிறது. விசாரிக்கும் வேகம்தான் இல்லை.

மறுபக்கமும் உண்டு. தெருவில் கடை வைத்துப் பொருள் விற்பவர் ஆண்டு வியாபாரம் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனில் விற்றால் பத்தாயிரத்துக்கு விற்றாலும் பதிவு கட்டாயம் என்று 2023 செப்டம்பர் வரை இருந்தது. அக்டோபர் 1 முதல்தான் மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அது தளர்ந்தது. எனவே, எல்லாச் சலுகையும் ஆன்லைனுக்குத்தான் என்பது சரியல்ல.

அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. உங்களுக்குக் குறைந்தது வியாபாரம் முழுவதுமா, ரொக்க வியாபாரம் மட்டுமா?

மளிகை அண்ணாச்சி எழுதியது:

கணக்கர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

காசிமேட்டு மீனவக் குடும்பங்கள் பல என் கடையில் கடன் நோட்டு வைத்திருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்காலத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் எத்தனை நாள் தாங்கும் என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அரிசி, எண்ணெய், பிள்ளைக்குப் பால் மாவு எல்லாம் நோட்டில் எழுதித்தான் போகும். படகு போய் இரண்டு மூன்று நடை மீன் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பார்கள். அடைத்துவிடுவார்கள், அதில் குறையில்லை.

என் குறை வேறு. முன்பெல்லாம் மாதச் சம்பளக்காரர் வீடுகள் ஒன்றாம் தேதி பெரிய பட்டியலோடு ரொக்கமாக வாங்கும். அந்தப் பணத்தைச் சுழற்றித்தான் நான் தடைக்காலத்தில் கடன் கொடுத்தேன். இப்போது அந்தப் பட்டியல் செயலிக்குப் போய்விட்டது. என்னிடம் வருவது இரவு பத்து மணிக்கு ஒரு தயிர்ப் பாக்கெட், கொத்தமல்லி, அப்புறம் நோட்டு. ரொக்கம் அவர்களுக்கு, கடன் எனக்கு. விநியோகஸ்தருக்கு நான் ஏழு நாளில் பணம் கட்ட வேண்டும். கட்ட முடியாதபோது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரரிடம் போகிறேன்.

யானைக்கவுனி எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் பர்மா பஜாரை இழுத்தது இதற்குப் பொருந்தாது.

ஊசி நூல் எழுதியது:

அண்ணாச்சி, மனம் கனக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் தம்பி அந்தச் செயலிக்குத்தான் வண்டி ஓட்டுகிறான். அதற்கு முன்பு ஒரு ஜவுளிக்கடையில் நின்றான். நின்றான் என்றால் காலை பத்து முதல் இரவு பத்து வரை நின்றான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே போட்டார்கள். அந்தக் கடையில் ஒரு முக்காலிகூட வரவில்லை. வண்டி ஓட்டும் வேலை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை, வெயிலும் விபத்தும் அவனுக்குத்தான். ஆனால் கடைத்தெரு காப்பாற்றப்பட வேண்டும் என்கிறவர்கள், அதற்குள் வேலை செய்கிறவர்களையும் கணக்கில் சேருங்கள்.

மளிகை அண்ணாச்சி எழுதியது:

என் கடையில் இருப்பது நானும் என் மனைவியும்தான் அம்மா. இருவருக்கும் நாற்காலி இருக்கிறது.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் அரிசியும் எண்ணெயும் என்னிடம் வாங்குகிற வீட்டுக்குத்தான் இனி நோட்டு. பெரிய பட்டியலைச் செயலியில் போட்டுவிட்டு, இருபத்தைந்தாம் தேதி கை காய்ந்ததும் என் படியேறுகிறவர்களுக்கு இல்லை. மீனவர் வீடுகளுக்கு இது பொருந்தாது.

ஊசி நூல் எழுதியது:

அது மிரட்டல் இல்லையா?

தேரடித் தெரு எழுதியது:

செயலிக்காரன் செய்தால் அதற்குச் சந்தா என்று பெயர் வைத்துப் பணம் கட்டிச் சேருகிறோம். அண்ணாச்சி செய்தால் மட்டும் மிரட்டலா?

வரிக்கணக்கன் எழுதியது:

சந்தாவுக்கு என்ன கிடைக்கும், எப்போது முடியும் என்று எழுதித் தருகிறார்கள். அண்ணாச்சி, நோட்டில் ஒரு பக்கம் உங்களிடம் இருக்கட்டும், ஒரு பக்கம் வாங்குகிறவரிடம் கொடுங்கள். பிறகு அதை நான் மிரட்டல் என்று சொல்ல மாட்டேன். கொடுப்பீர்களா?