நைரோபியிலிருந்து லாகோஸ்: சீட்டில் மூன்று மணி, வானத்தில் ஐந்து மணி

நைரோபிவாசி:
லாகோஸில் இருக்கும் தங்கையைப் பார்க்க அப்பாவை அழைத்துச் சென்ற பயணம் இரண்டு ஆண்டுகள் கழிந்தும் மனதை உறுத்துகிறது. பயணச்சீட்டில் காலை 10 மணிக்குப் புறப்பாடு, பிற்பகல் 1 மணிக்கு வருகை என்றிருந்ததைப் பார்த்து, "மூன்று மணி நேரம்தான் அப்பா" என்று சொன்னவன் நான். லாகோஸின் நேரம் நைரோபிக்கு 2 மணி பின்தங்கியது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. சர்க்கரைக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்ட அப்பா, மகள் கையால் சாப்பிடலாம் என்று விமானத்தில் கொடுத்த உணவைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று மணி நேரம் கடந்தும் கீழே காடுதான் தெரிந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று கேட்டவரின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பணிப்பெண் கொண்டுவந்த ஆரஞ்சுச் சாற்றை அவர் குடித்தபோது, நடுங்கிய கையிலிருந்த குவளை பல்லில் பட்டுத் தடதடத்தது. அந்த ஓசையை என்னால் மறக்க முடியவில்லை.

ஆற்றங்கரை:
கடிகாரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்திருக்க வேண்டும். நேர்கோட்டில் சுமார் 3,800 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டாலே நாலரை மணி ஆகிவிடும், ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தால் ஐந்து. ஆனால் தூரத்தை நம்பி நானும் ஒரு முறை கெட்டேன். கின்ஷாசாவும் பிராசவில்லும் காங்கோ ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கும் தலைநகரங்கள். இடையில் பாலம் இல்லை. அக்கரைக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிந்ததால் 11 மணிக் கூட்டத்துக்கு 8 மணிக்குப் போனால் போதும் என்றிருந்தேன். என் கடவுச்சீட்டு அலுவலர் கையில் இருக்கும்போதே படகு கயிற்றை அவிழ்த்துப் புறப்பட்டது. நான் அக்கரை சேர்ந்தது மாலையில்.

பழைய பயணி:
அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்கு இரண்டு மணி நேரப் பயணம். இரண்டு ஊருக்கும் நேரம் ஒன்றே. ஆனால் எத்தியோப்பியர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுவார்கள் என்பதை அறியாமல், வாடகைக் கார் ஓட்டுநரிடம் "காலை" என்ற சொல்லை விட்டுவிட்டு "ஏழு மணிக்கு வாருங்கள்" என்றேன். அவர் சரியாகப் பகல் ஒரு மணிக்கு வந்து, முகமெல்லாம் சிரிப்புடன் பெட்டியைத் தூக்கினார்; விமானம் போய் வெகு நேரமாகியிருந்தது. ஆகவே புதிதாகப் போகிறவர்கள் பயணச்சீட்டில் பறக்கும் நேரம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றுக்கு இடையே நேரடி விமானம் இல்லாததால் அடிஸ் அபாபா போன்ற ஊரில் மாறிப் போக நேரும். வரைபடத்தில் அருகில் இருப்பது பயணத்தில் அருகில் இருக்காது. கம்பாலாவுக்குப் போகிறவர்கள் விமானம் இறங்கும் எண்டெபெயிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் சாலைப் பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10 நாள் கழித்தே செல்லும் என்பதால் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரை வேளையைப் புறப்படும் ஊரின் நேரத்தில் வைத்துக்கொள்வதா, சேரும் ஊரின் நேரத்தில் வைத்துக்கொள்வதா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நைரோபிவாசி:
ஆற்றங்கரை அவர்களே, அந்தக் கணக்கை இப்போது நானும் அறிவேன். திரும்பி வரும்போது சீட்டில் பிற்பகல் 1 மணிக்குப் புறப்பாடு, இரவு 8 மணிக்கு வருகை என்றிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே விரல்விட்டு எண்ணி, "ஏழு இல்லை, ஐந்து" என்றார். உணவு வந்ததும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.