லாஜிஸ்டிக்ஸ்: தளவாடவியலா, சரக்கோட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் போக்குவரத்து, கிடங்கு, சுங்கம், ஆவணம் எல்லாம் சேர்ந்த வேலைதான் லாஜிஸ்டிக்ஸ் (logistics). அதற்குத் தமிழில் ‘தளவாடவியல்’ என்ற சொல்லே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தளவாடம் என்றதும் இராணுவத் தளவாடம்தான் நினைவுக்கு வருகிறது. ‘சரக்குப் போக்குவரத்து’ எளிமையானது, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்க வணிகம் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கும்போதுதான் இந்தக் குறை உறைத்தது. உகாண்டாவுக்குக் கடற்கரை கிடையாது. கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் சரக்கு உகாண்டாவின் தலைநகர் கம்பாலா போய்ச்சேர 1,100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். லாரி ஓடுகிற செலவு இருக்கட்டும், நிற்கிற செலவைப் பாருங்கள். முன்பெல்லாம் இரு நாட்டுக்கும் இடையிலுள்ள மலபா எல்லையில் கென்யப் பக்கம் ஒருமுறை, உகாண்டாப் பக்கம் ஒருமுறை என்று ஆவணங்களோடு காத்துக் கிடக்க வேண்டும். அப்புறம் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே சாவடியில் உட்கார்ந்தார்கள். 2014-இல் நடைமுறைக்கு வந்த ஒற்றைச் சுங்க ஏற்பாட்டில், உகாண்டாவுக்கான தீர்வையைச் சரக்கு மொம்பாசாவை விட்டுக் கிளம்பும் முன்பே கட்டிவிடலாம். அதே சாலை, அதே லாரி, காத்திருப்பு மட்டும் குறைந்தது. இதைப் ‘போக்குவரத்து மேம்பாடு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்று, அங்கே இறக்குமதி அதிகம், ஏற்றுமதி குறைவு. பல லாரிகள் காலியாகத் திரும்புகின்றன. அந்த டீசல் காசும் போகிற சரக்கின் வாடகையில்தான் ஏறுகிறது.

என் பரிந்துரை ‘சரக்கோட்டம்’. தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள், முட்டுக்கட்டை போடுபவர்கள், முன்னால் போய் மின்கம்பியைக் கழற்றுபவர்கள் என்று அத்தனை பேர் வேலையையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது. துறைக்குச் சரக்கோட்டவியல், செலவுக்குச் சரக்கோட்டச் செலவு. நாடுகளின் லாஜிஸ்டிக்ஸ் திறனை மதிப்பிட்டு உலக வங்கி 2007 முதல் வெளியிட்டுவரும் குறியீட்டைச் (Logistics Performance Index) ‘சரக்கோட்டத் திறன் குறியீடு’ எனலாம். அது அளக்கும் ஆறு கூறுகளில் சுங்கமும் உண்டு, காலந்தவறாமையும் உண்டு. ‘போக்குவரத்துத் திறன்’ என்று எழுதினால் சுங்கம் வெளியே நின்றுவிடும்.

‘சரக் கோட்டம்’ என்று பிரித்துப் படிப்பார்களே என்று ஒருவர் கேட்டார். நியாயமான அச்சம். கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் ‘சரக்கு ஓட்டம்’ என்று பிரித்து எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

மலபாவில் இருப்பது போன்ற சாவடிக்கு இப்போதைக்குக் ‘கூட்டுச் சாவடி’ என்று போட்டிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் சொல்லுங்கள்.