கோபுர உச்சியில் கை உள்ள சர்ச் தட்டு, விலை போகுமா?

செல்வி_டாலஸ்:
ஒரு கராஜ் சேலில் 4 டாலருக்கு இந்தப் பீங்கான் தட்டு கிடைத்தது. மிசிசிப்பியில் போர்ட் கிப்சன் என்ற சின்ன ஊர், அங்குள்ள பழைய சர்ச்சுகளின் படம், விளிம்பில் தங்கக் கோடு. நடுவில் உள்ள பிரெஸ்பிட்டீரியன் சர்ச்சின் உச்சியில் மட்டும் சிலுவைக்குப் பதில் ஒரு கை, விரலை மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது! அச்சுப் பிழையா? பின்னால் 'ஹோமர் லாஃப்லின்' என்று முத்திரை, கீழே எழுத்தும் எண்ணுமாக ஏதோ குறி. விலை போகுமா, இல்லை இட்லி வைத்துச் சாப்பிட்டுவிடலாமா?

பழம்பொருள்_பாலு:
பிழையெல்லாம் இல்லைங்க, அந்தக் கைதான் ஊருக்கே அடையாளம். முதலில் மரத்தில் செய்து வைத்தார்கள், அப்புறம் உலோகத்தில் மாற்றித் தங்க முலாம் பூசினார்கள். உள்ளே தொங்கும் சரவிளக்குகள் 'ராபர்ட் ஈ. லீ' நீராவிப் படகில் இருந்தவை. 1863-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்குப் படைத் தளபதி கிராண்ட் படையோடு வந்தபோது "எரிக்க முடியாத அழகு" என்று ஊரை விட்டுவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு, அவர் சொன்னாரோ இல்லையோ ஊர்க்காரர்கள் விடாமல் சொல்கிறார்கள். ஓரத்துப் படங்களில் குமிழ்க் கூரையோடு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது சர்ச் இல்லை, 1892-ல் கட்டிய யூத ஜெபாலயம். அதுவும் இந்தச் சர்ச் இருக்கும் சர்ச் ஸ்ட்ரீட்டில்தான் இருக்கிறது.

சூளைக்காரன்:
முத்திரையை நம்பி ஏமாறாதீர்கள். படமில்லாத வெற்றுத் தட்டு மட்டும்தான் அந்த ஹோமர் லாஃப்லின் பீங்கான் கம்பெனியுடையதாக இருக்கும். 1940, 50-களில் சர்ச் மகளிர் குழுக்கள் நிதி திரட்ட இப்படித் தட்டுகளை ஆர்டர் கொடுப்பார்கள், படம் ஒட்டிச் சுட்டுத் தருவது வேறொரு பட்டறை. குறியில் முதல் எழுத்து மாதம், அடுத்த 2 எண்கள் வருடம், மிச்சம் எந்த ஆலை என்பது. அது தட்டு செய்த தேதி, படம் போட்ட தேதி அல்ல.
படத்தின் ஓரத்தை நகத்தால் வருடுங்கள். தட்டுப்பட்டால் படம் மெருகுக்கு (தட்டின் பளபளப்பான பூச்சுக்கு) மேல் ஒட்டியது. அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், அதனால் இட்லி, சாம்பார், புளிக்குழம்பு எதுவும் வேண்டாம். டிஷ்வாஷரில் போட்டால் தங்கக் கோடு போய்விடும், மைக்ரோவேவில் பொறி பறக்கும். விலை? நிறையச் செய்து விற்ற சரக்கு, பெரிதாகப் போகாது.

செல்வி_டாலஸ்:
குமிழ்க் கூரை இருக்கிறது, வலது ஓரத்தில்! நகத்திலும் தட்டுப்படுகிறது. சரி, சுவரில் மாட்டிவிடுகிறேன். தட்டு மாட்டும் கம்பி விளிம்பைக் கீறாதா?

சூளைக்காரன்:
கீறும். கொக்கி முனைகளில் ரப்பர் உறை போட்டது வாங்குங்கள்.