வெப்காமிக்ஸ் சிபாரிசு: எதில் படிப்பது, எங்கே தொடங்குவது

யாராவது என்னிடம் நல்ல வெப்காமிக்ஸ் சொல்லுங்கள் என்று கேட்டால் பத்துப் பெயரை அடுக்க மாட்டேன். கேட்பவருக்கு ஏற்றதாக ஒன்றுதான் சொல்வேன். கூடவே எந்தத் திரையில் படிக்க வேண்டும், எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். புத்தகம் என்றால் அட்டையைப் புரட்டினால் கதை தொடங்கிவிடும். இணையத்தில் வரும் காமிக்ஸ் அப்படி இல்லை. இருபது வருடமாக ஓடும் தொடர்கள் இருக்கின்றன. இன்றைய பக்கத்தைத் திறந்தால் யார் யாரோ எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். சிலவற்றை செல்பேசியில் படித்தால் பாதி சுவை போய்விடும். சிலவற்றை செல்பேசியில்தான் படிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் கேட்டவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுவார், நல்ல படைப்பு ஒன்று அவர் கைக்கு வந்தும் வராமலே போய்விடும்.

பேய்க்கதைப் பிரியர்களுக்கு நான் முதலில் அனுப்புவது கனடாவைச் சேர்ந்த எமிலி கேரல் 2010ஆம் ஆண்டு ஹாலோவீன் சமயத்தில் தன் தளத்தில் போட்ட 'ஹிஸ் ஃபேஸ் ஆல் ரெட்'. அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஊரில் ஆடு மாடுகளைக் கொல்லும் ஒரு மிருகத்தைத் தேடி அண்ணன் தம்பி இருவரும் காட்டுக்குள் போகிறார்கள். திரும்பி வருவது ஒருவன்தான், மற்றவனைக் கொன்றுவிட்டு. சில நாள் கழித்து, செத்துப்போனவன் எந்தக் காயமும் இல்லாமல் காட்டிலிருந்து நடந்து வருகிறான். கொன்றவனுக்கு மட்டும்தான் தெரியும், இது அவன் இல்லை என்று. கதை இவ்வளவுதான். பயம் இருப்பது அவர் பக்கம் அமைத்த விதத்தில். சில பக்கங்களில் கறுப்புக்கு நடுவே ஒரே ஒரு சின்னப் படம் இருக்கும். அடுத்ததற்குப் போகலாமா வேண்டாமா என்று மவுஸ் மேல் கை நின்றுவிடும். அப்புறம் கொன்றவன் கயிறு கட்டி ஒரு குழிக்குள் இறங்கும் பக்கம் வரும். அது கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். அவன் இறங்குகிறான், நாமும் விரலால் உருட்டி உருட்டிக் கூடவே இறங்குகிறோம். நிறுத்தினால் அவனும் அங்கேயே தொங்குவான். 2014இல் 'த்ரூ த வுட்ஸ்' என்ற தொகுப்பில் இந்தக் கதை அச்சிலும் வந்தது, அழகான புத்தகம்தான். ஆனால் அந்தக் குழியில் நம் கையாலேயே இறங்கும் உணர்வு திரையில் மட்டும்தான் கிடைக்கும். கணினியில், ராத்திரியில், தனியாகப் படியுங்கள்.

இதே உருட்டலை வேறு மாதிரிப் பயன்படுத்தியது கொரியாவின் ஹோராங் 2011இல் நேவர் தளத்தில் போட்ட போங்சியோன்-டாங் பேய்க்கதை. அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் இரவில் நடந்து வரும் பெண்ணிடம் இன்னொருத்தி வந்து தன் குழந்தை எங்கே என்று கேட்கிறாள். ஒரு இடத்தில் படம் தானாக அசையும், சத்தமும் வரும். இதய நோய் உள்ளவர்களுக்கு அனுப்பாதீர்கள், தூங்கப் போகும் பிள்ளைகளிடம் காட்டாதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

சரி, என் மனதுக்கு மிக நெருக்கமானதற்கு வருகிறேன். அமெரிக்காவைச் சேர்ந்த அர்சுலா வெர்னன் வரைந்து எழுதிய 'டிக்கர்'. 2003 தொடங்கி 2011இல் முடிந்த தொடர், எழுநூறு பக்கத்துக்கு மேல், முழுக்கக் கறுப்பு வெள்ளை. அறிவியல் புனைவுக்கும் மாயக் கதைகளுக்கும் தரப்படும் ஹியூகோ விருதை 2012இல் வாங்கியது. டிக்கர் ஒரு வாம்பேட். ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும் அந்தக் குண்டுப் பிராணியேதான். இந்தக் கதையில் வாம்பேட்டுகள் எல்லாம் சுரங்கப் பொறியாளர்கள். கடவுள், மந்திரம் என்றாலே முகம் சுளிப்பவர்கள். சுரங்கம் தோண்டிக்கொண்டு வந்த டிக்கர் வழிதவறி, எங்கேயோ ஒரு கோயிலின் தரையை உடைத்துக்கொண்டு மேலே வருகிறாள். எதிரே விநாயகர் சிலை. அது அவளோடு பேசுகிறது.

இந்த இடத்துக்கு வந்தபோது நான் கொஞ்சம் உஷாராகிவிட்டேன். நம் தெய்வங்களை வெளிநாட்டுக் கதைகளில் எப்படி எப்படியெல்லாமோ பார்த்தாயிற்று. ஆனால் வெர்னனின் பிள்ளையார் வேடிக்கைப் பொருளாகவும் இல்லை, அலங்காரமாகவும் இல்லை. பொறுமையாக, மரியாதையாக, வீட்டுப் பெரியவர் மாதிரிப் பேசுகிறார். எல்லாம் தெரிந்தவர் போல அருள்வாக்கு சொல்வதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். கடவுளை நம்பாத ஒரு பொறியாளர் அவரிடம் வழி கேட்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாற்றப் பார்க்காமல் பேசிக்கொண்டே போகிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே நான் சில அத்தியாயங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

அப்புறம் எட் இருக்கிறான். இனத்தார் தள்ளிவைத்துவிட்ட கழுதைப்புலி, தன் பெயரைக்கூட இழந்தவன். டிக்கர்தான் அவனுக்கு எட் என்று பெயர் வைக்கிறாள். அவன் பேச்சு உடைந்து உடைந்து வரும், அதைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். ஒரு நிழல்குட்டியும் உண்டு. தான் என்னவென்றே தெரியாத, நல்லது எது கெட்டது எது என்று ஓயாமல் கேட்கும் ஒரு நிழல். அதற்குப் பதில் சொல்ல டிக்கர் படும் பாடு இருக்கிறதே! பிள்ளை வளர்த்தவர்கள் அந்தப் பக்கங்களில் நின்று நின்றுதான் போவார்கள். முதல் சில பக்கங்களில் ஒரு சுரங்கமும் இருட்டும் மட்டும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் வரும்வரை போய்விட்டால் பிறகு உங்களால் நிறுத்த முடியாது. முடிந்த கதை என்பதால் பாதியில் நிற்குமோ என்ற கவலையும் வேண்டாம். வெர்னன் இப்போது டி. கிங்ஃபிஷர் என்ற பெயரில் நாவல்கள் எழுதுகிறார். அவற்றைப் படித்துவிட்டு 'டிக்கர்' பக்கம் வந்தவர்களும் நம்மிடையே உண்டு.

'எக்ஸ்கேசிடி' தெரியாத ஐடிக்காரர்கள் குறைவு. ரேண்டல் மன்ரோ 2005 முதல் நடத்துவது, குச்சி மனிதர்கள், கணக்கு, அறிவியல். படத்தின் மேல் மவுஸை வைத்தால் இன்னொரு வரி வரும் என்பது தெரியாமலே பல வருடம் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் அதைச் சொல்வதில் ஒரு தனி சந்தோஷம். ஆனால் நான் சிபாரிசு செய்வது அதில் ஒரே ஒரு காமிக்ஸை: 1190ஆம் எண், 'டைம்'. 2013 மார்ச்சில் வந்தது. கடற்கரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரே படம், வசனம் இல்லை. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் படம் லேசாக மாறியிருந்தது. இன்னொரு அரைமணியில் இன்னும் கொஞ்சம். பிறகு மணிக்கு ஒன்று என்று நான்கு மாதம் ஓடி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு ஜூலையில் முடிந்தது.

மணல்கோட்டை கட்டுகிறார்கள். ஒருவர் மண் கொண்டுவரப் படத்துக்கு வெளியே போகிறார், திரும்பி வருகிறார். கடல் ஏறுகிறது. ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள இருவரும் கிளம்புகிறார்கள். ஒரு இரவில் வானத்து நட்சத்திரங்கள் இம்மி பிசகாமல் வரையப்பட்டிருந்தன. வாசகர்கள் அவற்றின் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, கதை பல ஆயிரம் வருடங்களுக்குப் பின்னால் நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வழியில் சந்திக்கும் மனிதர்கள் பேசுவது யாருக்கும் தெரியாத எழுத்தில் வரும், கதாபாத்திரங்களைப் போலவே நாமும் விழிப்போம். 2014இல் இதற்கும் ஹியூகோ கிடைத்தது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் கடைசிப் படம் மட்டும்தான் நிற்கும். "இதிலே என்ன இருக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் ரசிகர்கள் எல்லாப் படங்களையும் வரிசையாக ஓடவிட்டிருக்கும் பக்கங்களில் ஒன்றைத் தேடிக் கொடுங்கள். வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.

மின்னா சுண்ட்பெரி வரைந்த மொழிமரத்தை நீங்கள் எல்லாரும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பெரிய மரம் ஒன்றில் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் இலைக்கொத்துகளாக, பக்கத்தில் யூராலிய மொழிகளுக்குச் சின்ன மரம் ஒன்று. 2014இல் வந்த இந்தப் படம் நம்மவர்களிடம் சுற்றும்போதெல்லாம் தமிழ் எங்கே என்று கோபமாக ஒரு கேள்வி வரும். அது உலக மொழிகள் எல்லாவற்றுக்குமான படமே இல்லை. 'ஸ்டாண்ட் ஸ்டில். ஸ்டே சைலன்ட்' என்ற அவருடைய காமிக்ஸில் ஒரு பக்கம் அது. கொள்ளைநோயால் உலகம் அழிந்து தொண்ணூறு வருடம் கழித்து, மிஞ்சியிருப்பது நார்டிக் நாடுகள் மட்டும். ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்கள் ஒரே வண்டியில் போகிறார்கள். மற்ற நால்வரின் மொழியும் ஒரு குடும்பம், பின்னிஷ் வேறு குடும்பம் என்று காட்டத்தான் அந்த மரம். கதையில் லல்லி என்ற பையனுக்குப் பின்னிஷ் தவிர எதுவும் வராது. அவனுடைய உறவுக்காரப் பெண் தூரி பேசினால்தான் மற்றவர்களுக்கு அவன் சொல்வது புரியும். அவள் பக்கத்தில் இல்லாத காட்சிகளில் அவன் தனிமை எவ்வளவு என்பது படத்திலேயே தெரியும். வேலைக்காக வேற்று மாநிலம் போய் முதல் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தவர்களுக்கு லல்லியைப் புரியவைக்க வேண்டியதில்லை. கணினியில் பாருங்கள், அந்த வண்ணங்களுக்காகவே. மரத்தை மட்டும் பார்த்தவர்கள் கதைக்குள் போங்கள்.

அடுத்தது யாருக்கும் போகிறபோக்கில் அனுப்பக்கூடாத ஒன்று. அல்லி ப்ராஷ் 'ஹைப்பர்போல் அண்ட் எ ஹாஃப்' தளத்தில் மன அழுத்தம் பற்றி இரண்டு பகுதிகள் வரைந்தார். முதலாவது 2011இல், இரண்டாவது 2013இல். சின்னப் பிள்ளை கிறுக்கியது போல உருண்டைக் கண், மஞ்சள் முக்கோண முடி, இளஞ்சிவப்பு சட்டை. அந்தக் கிறுக்கல் முகத்தில் ஒன்றுமே உணராத நிலையை அவர் காட்டியிருக்கும் விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் யார் என்ன கேட்டாலும் எனக்குப் பதில் சொல்லத் தோன்றாமல் இருந்தது. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இந்த இணைப்பை அனுப்பி, "படி. எதுவும் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டாம் பகுதியில் ஒருத்தி என் மீன் செத்துப்போய்விட்டது என்கிறாள், சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் மீனைத் தேடித் தருகிறோம், நம்பிக்கையோடு இரு என்கிறார்கள். மீன் தொலையவில்லை, செத்துவிட்டது என்பது யாருக்கும் உறைப்பதில்லை. அங்கேதான் நான் பல வாரத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன், அழவும் செய்தேன். தற்கொலை எண்ணம் பற்றியும் அதில் வருகிறது. ஆகவே அனுப்புவதற்கு முன்னால் அவரோடு பேசுங்கள், அனுப்பிய பிறகும் கூட இருங்கள். முதல் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் எனக்கு யோசனையே வேண்டியதில்லை. பிரான்சின் டேவிட் ரெவுவா 2014 முதல் வரையும் 'பெப்பர் அண்ட் கேரட்'. சின்ன சூனியக்காரி ஒருத்தியும் அவளுடைய பூனையும். என் அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, "சித்தி, இந்தப் பூனையை நான் வரைஞ்சா திட்டுவாங்களா?" என்று கேட்டாள். திட்ட மாட்டார்கள். ரெவுவா முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறார். பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் வரையலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். 'கிரிதா' என்ற இலவச மென்பொருளில் வரைகிறார், அந்த மூலக் கோப்புகளையும் தளத்திலேயே வைத்திருக்கிறார். இறக்கித் திறந்தால் லேயர் லேயராகப் பிரித்துப் பார்க்கலாம். அவள் பூனையின் லேயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்து, மீசை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வரையும் ஆசை உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியாது.

இந்திய ஆக்கங்களில் ரோஹன் சக்ரவர்த்தியின் 'கிரீன் ஹ்யூமர்' எனக்கு எப்போதும் முதலில். காட்டுயிர்கள், பறவைகள், தவளைகள். சிரித்துக்கொண்டே படித்து முடித்தால் ஒரு புது உயிரினத்தின் பெயர் தெரிந்திருக்கும். இதற்கு வரிசை வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், செல்பேசியே போதும்.

கதை வேண்டாம், படம் மட்டும் போதும் என்பவர்கள் சுவீடனின் சைமன் ஸ்டாலன்ஹாக் தளத்துக்குப் போங்கள். ஸ்டாக்ஹோம் பக்கத்துத் தீவுகளின் எண்பதுகளின் கிராமப்புறம், பனி, பழைய வோல்வோ கார்கள், பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் பிரம்மாண்ட இயந்திரங்கள். அமேசானில் 2020இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் த லூப்' தொடர் இந்தப் படங்களிலிருந்து பிறந்ததுதான். பெரிய திரையில் திறந்து, இயந்திரத்தை விட்டுவிட்டுப் புல்லையும் சேற்றையும் பாருங்கள். டிஜிட்டலில் வரைந்தது என்று நம்ப முடியாது.

இவருடைய படங்கள் கையெழுத்து வெட்டப்பட்டு, பெயர் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வரும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கும். ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததை நாம் இலவசமாகப் பார்க்கிறோம். பெயரையாவது விட்டுவைக்க வேண்டாமா? அப்படி ஒரு படம் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், பெரும்பாலும் வரைந்தவர் யார் என்று கிடைத்துவிடும். படத்துக்குப் பதில் அவருடைய தளத்தின் இணைப்பை அனுப்புங்கள்.

எனக்கும் ஒரு சிபாரிசு வேண்டும். தமிழிலேயே எழுதி வரைந்து, இணையத்தில் தொடராக வந்து, முழுதாக முடிந்த நீண்ட கதை ஒன்று. உங்களில் யாராவது அப்படி ஒன்றைப் படித்திருந்தால், அல்லது நீங்களே வரைந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும், எதில் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.